லூயிஸ்பர்க் கோட்டை செயின்ட் லூயி விழா: அப்பாவை அழைத்துப் போகலாமா?

மிசிசாகா மீனு:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மே மாதம் சென்னையிலிருந்து கனடாவுக்கு எங்களிடம் வந்திருக்கிறார். வயது 74. முப்பது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் வேலை, வீடு மண்ணடி. இங்கே வந்ததிலிருந்து நாங்கள் காட்டாத இடமில்லை. நயாகராவைப் பார்த்துவிட்டு, "தண்ணி நிறைய விழுது" என்றார், அவ்வளவுதான். சி.என். டவர் லிஃப்டில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அம்மா போன பிறகு அவருக்கு எதிலும் பிடிப்பில்லை. காலையில் பால்கனியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. அவர் கோணலாக வெட்டுகிறார் என்று எனக்குத் தினமும் ரிப்போர்ட் வரும்.

போன வாரம் டிவியில் கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணம் நோவா ஸ்கோஷியா பற்றி ஏதோ ஓடியது. கேப் பிரெட்டன் தீவில் லூயிஸ்பர்க் என்று ஒரு பிரெஞ்சுக் கோட்டை. மூன்று மூலைத் தொப்பி, நீளக் கோட்டு, துப்பாக்கி என்று ஆட்கள் 1744-ஆம் வருஷத்தில் இருப்பது போலவே நடமாடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் செயின்ட் லூயி விழா என்று ஊர்வலம், பீரங்கி எல்லாம் உண்டாம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, பையன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இந்த மூன்று மாதத்தில் அவர் ஒரு நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர், "வேஷம் கட்டின வெள்ளைக்காரனைப் பார்க்க நாலு பேருக்கு ஃபிளைட் டிக்கெட்டா? அந்தக் காசுக்குச் சித்திரைத் திருவிழாவுக்கே போயிட்டு வரலாம்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு நாள் போதுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி, நிறைய நடக்க வேண்டியிருக்குமா? அவர் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பையனுக்கு ஒன்பது வயசு, பத்தே நிமிஷத்தில் "போர் அடிக்குது" என்பான். நாமும் வேஷம் கட்ட வேண்டுமா? முக்கியமாக, விழா நாளில் போவதா, கூட்டமில்லாத நாளில் போவதா? போனவர்கள் சொல்லுங்கள்.

மொன்றியல் பனங்காய்:

தங்கச்சி, அவ்வளவு தூரம் ஏன்? மிசிசாகாவில் இருந்து காரிலேயே கியூபெக் சிற்றிக்குப் போகலாம். எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும், இடையில் எங்கட வீட்டில் தங்கிச் சாப்பிட்டுப் போங்கோ. அங்கே 1997-இல் இருந்து கோடையில் நூவெல் பிரான்ஸ் (புதிய பிரான்ஸ், அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் பெயர்) விழா என்று நடத்துகிறார்கள். பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் 1608-இல் குடியேற்றம் போட்ட பழைய நகரத்துக்குள்ளேயே.

அங்கே உள்ள விசேஷம் என்னவென்றால், பார்க்க வருகிற சனமே உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். அது அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதை, அந்த உரிமையோடு வருவார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் வரிசையில் நின்ற கிழவர் குதிரைமுடி விக் போட்டுக்கொண்டு வங்கி அட்டையில் காசு கட்டினார். என்ர மகள் துணித்தொப்பி கட்டிக் கூடையும் கையுமாகத் திரிந்தாள், ஒருத்தரும் "நீ எந்த ஊர்" என்று கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு குறை: பிரெஞ்சு தெரியாவிட்டால் பாதிப் பகிடி விளங்காது. அப்பா பாவம், பேந்தப் பேந்த முழிப்பார்.

சிட்னிவாசி (ஆஸ்திரேலியா இல்லை):

மீனு அக்கா, நான் கேப் பிரெட்டன் சிட்னியில் இருக்கிறேன். கோட்டை இங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆள், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். கோட்டைக்குப் போன தடவைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். என் அறைத்தோழன் ரெண்டு கோடை அங்கே சிப்பாயாக வேலை பார்த்தான். சாயங்காலம் அவன் சீருடையைக் கழற்றி நாற்காலியில் போட்டால், மூடுபனியில் நனைந்த கம்பளியும் வெடிமருந்தும் கலந்து மழையில் நனைந்த வெள்ளாட்டு வாடை வீசும். அந்த வாடையோடுதான் நான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன்.

பனங்காய் அண்ணன் சொல்லும் கியூபெக் விழா உயிரோடு இருக்கும் ஊரில் நடப்பது. மேலே ஜன்னலில் யாரோ துணி காயப்போட்டிருப்பார்கள், கீழே டிரம் அடித்துக்கொண்டு போவார்கள். லூயிஸ்பர்க் செத்துப்போன ஊர். 1758-இல் ஆங்கிலேயர்கள் இரண்டாம் முறை பிடித்து, 1760-இல் மதில்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு இருநூறு வருஷம் புல் முளைத்த மேடுதான். 1961-இல் கனடா அரசு திரும்பக் கட்ட ஆரம்பித்தது. காரணம் சரித்திரப் பாசம் மட்டும் இல்லை. இந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்கள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன, வேலை போனவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. சுரங்கத்தில் கரி வெட்டியவர்களுக்குக் கல் செதுக்கக் கற்றுக்கொடுத்துக் கோட்டை கட்டவைத்தார்கள். என் அறைத்தோழனின் தாத்தா அப்படிக் கொத்தனார் ஆனவர். "தாத்தா கட்டின மதிலுக்குப் பேரன் காவல்" என்று அவன் எங்கே போனாலும் பெருமையடித்துக்கொள்வான். பழைய ஊரில் கால்வாசிதான் கட்டியிருக்கிறார்கள். அதற்கே கால் வலிக்கும்.

ஏன் 1744 என்கிறீர்களா? அந்தக் கோடைதான் முதல் முற்றுகைக்கு முந்தின கடைசிக் கோடை. அந்த மே மாதம்தான் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் என்று சேதி வந்திருந்தது. அடுத்த வருஷம் நியூ இங்கிலாந்திலிருந்து (இன்றைய அமெரிக்காவின் வடகிழக்கில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்கள்) படை வந்து முற்றுகையிட்டு 1745 ஜூனில் ஊரைப் பிடித்துவிட்டது. ஆக, அங்கே உங்களுக்கு 'போன்ஜூர்' சொல்லும் ஒவ்வொருவரும் அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று தெரியாதது போல நடிக்கிறார்கள். ஆளுநர் துக்கெனெல் அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார். இளவயதில் போரில் ஒரு காலை இழந்தவர். தோண்டியபோது தேவாலயத் தரைக்கடியில் கால் இல்லாத எலும்புக்கூடு கிடைத்தது, அதை வைத்துத்தான் அது அவர் என்று கண்டுபிடித்தார்கள். பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிறகு 'போர் அடிக்குது' வராது.

இப்போது உங்கள் கேள்விகள்.

காரைப் பார்வையாளர் மையத்திலேயே விட்டுவிட்டுக் கோடையில் பேருந்தில்தான் உள்ளே போக வேண்டும். பேருந்திலிருந்து இறங்கினால் தோஃபேன் வாசல் என்ற கோட்டை வாசல் வரை ஒரு நடை, அப்புறம் ஊர் முழுக்கச் சரளையும் கல்லும். அப்பாவுக்கு மெத்தென்ற ஷூ போட்டுவிடுங்கள், செருப்பு வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார இடம் தேடிக்கொண்டு மெதுவாகப் போங்கள். ஒரு நாள் போதும், ஆனால் அது முழு நாளாக இருக்க வேண்டும், திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஆகஸ்ட்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். கடல் காற்றும் மூடுபனியும் சேர்ந்தால் மண்ணடிக்காரர் நடுங்கிப்போவார்.

வேஷம் கட்ட வேண்டாம். கட்டினால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

சாப்பாடு: ஏழை வீட்டுச் சாப்பாடு, வசதியானவர் வீட்டுச் சாப்பாடு என்று அங்கே அந்தக் காலத்து மாதிரியே பரிமாறுவார்கள். ஏழை மேஜையில் ஒரே ஒரு பெரிய கரண்டிதான், துணியைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். பட்டாணி சூப், மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி. சூப்பில் இறைச்சித் தண்ணீர் கலந்திருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள். என் யோசனை: தயிர்சாதம் கட்டிக்கொண்டு வாருங்கள், கூடவே அடுமனையில் சிப்பாய் ரொட்டி வாங்குங்கள். கம்பும் முழுக்கோதுமையும் கலந்தது போல ஒரு கறுப்பு ரொட்டி (கம்பு இல்லை, ரை என்னும் தானியம். ஆனால் வாசனை எனக்குக் கம்பங்களியைத்தான் ஞாபகப்படுத்தும்). நாளைக்கு ஒன்றரை பவுண்டு கணக்கில் நாலு நாளைக்கு ஆறு பவுண்டு ரொட்டி ஒரு சிப்பாயின் பங்கு. அதிகாரிகளுக்கு வெள்ளை ரொட்டி. அந்த 1744 டிசம்பரில் சம்பளமும் ஒழுங்காக வராமல் அழுகின காய்கறியும் போட்டார்கள் என்று சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேட்டால் ருசி வேறு.

விழா நாளா, சாதாரண நாளா? ஆகஸ்ட் 25 புனித லூயி திருநாள். ராஜா பதினைந்தாம் லூயிக்குப் பெயர்த்திருநாள் மாதிரி. அன்றைக்குப் பூசை, பீரங்கி முழக்கம், ராத்திரி சொக்கப்பனை என்று அந்தக் காலத்தில் ஊரே கொண்டாடியது. இப்போது அதை ஒட்டி ஒரு நாளில் நடத்துகிறார்கள், தேதியைக் கோட்டையை நடத்தும் அரசுத் துறையான பார்க்ஸ் கனடாவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று வெளியூரிலிருந்தும் வேஷம் கட்டும் ஆர்வலர்கள் வந்து சேர்வதால் தெருவில் ஆள் நிறைந்திருக்கும். அப்பாவுக்கு அந்த நாள்தான் சரி. ஆனால் ஊர்வலத்தின் பின்னாலேயே ஓடாதீர்கள். எல்லாரும் பீரங்கி பார்க்கப் போகும் அந்த அரைமணி நேரத்தில் ஏதாவது ஒரு சமையலறைக்குள் நுழைந்துவிடுங்கள். அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்கு அப்போதுதான் பேச நேரம் இருக்கும்.

அவரிடம் அடிமைகளைப் பற்றிக் கேளுங்கள். அந்தச் சின்ன ஊரில் அடிமையாக இருந்தவர்கள் 200-க்கும் மேல் என்று ஆவணங்களில் தேடி எடுத்திருக்கிறார்கள். மரி மார்கெரித் ரோஸ் என்று ஒரு பெண். ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து கடத்திவரப்பட்டவர். அதிகாரி ஒருவர் வீட்டில் பத்தொன்பது வருஷம் அடிமையாக உழைத்து, 1755-இல் விடுதலையாகி, மிக்மா பழங்குடி ஆள் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குள்ளேயே சாராயக்கடையும் சாப்பாட்டுக்கடையும் நடத்தினார். ரெண்டே வருஷம், 1757-இல் இறந்துவிட்டார். ஊர்வலத்தில் தெரியும் தங்கச் சரிகை போட்ட கோட்டுகளை விட எனக்கு இந்த அம்மாள்தான் மனதில் நின்றார்.

கடைசியாக ஒன்று. நீங்கள் மண்ணடி என்று எழுதியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், இதை அப்பாவிடம் சொல்லாமல் விடாதீர்கள். 1745-இல் ஆங்கிலேயர்கள் லூயிஸ்பர்க்கைப் பிடித்தார்கள் இல்லையா? அடுத்த வருஷம், 1746 செப்டம்பரில், லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து மெட்ராஸைப் பிடித்தன. 1748-இல் ஐரோப்பாவில் உட்கார்ந்து சமாதானம் பேசியபோது கணக்கு நேர் செய்தார்கள். மெட்ராஸ் ஆங்கிலேயருக்குத் திரும்பியது, லூயிஸ்பர்க் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியது. சுருக்கமாக, உங்கள் ஊருக்கு மாற்றாகக் கொடுத்த ஊர் இது. போராடிப் பிடித்த நியூ இங்கிலாந்துக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. எங்கோ பெயர் தெரியாத ஊருக்காக நம் ரத்தத்தை விற்றுவிட்டார்களே என்று. பதிலுக்கு ஒரு கோட்டை வேண்டும் என்றுதான் 1749-இல் ஹாலிஃபாக்ஸையே கட்டினார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கையில் மெட்ராஸ் இருந்த அந்த மூன்று வருஷத்தில் ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். மிச்சத்தை ஆங்கிலேயர்கள் பிறகு இடித்தார்கள். இப்போது ஹைகோர்ட் நிற்கிறதே, அந்த இடம். அங்கிருந்த சனம் வடக்கே முத்தியால்பேட்டைப் பக்கம் தள்ளிப்போனது. உங்கள் தெருவின் கதையே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்விக்குறி:

நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள் சிட்னிவாசி, ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். ராஜாவின் பெயர்த்திருநாளைக் கொண்டாட நாம் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்? அது மிக்மா மக்களின் மண். அதில் ஒரு ராஜா கோட்டை கட்டினான், இன்னொரு ராஜா இடித்தான். இப்போது அரசு காசு போட்டு மீண்டும் கட்டி, அழகான உடை போட்டுப் பூசி மெழுகுகிறது. நாளைக்கு ஜார்ஜ் கோட்டையில் 'கிளைவ் திருவிழா' என்று ஒன்று நடத்தினால் போய்க் கை தட்டுவோமா?

மொன்றியல் பனங்காய்:

தம்பி கேட்டது சரியான கேள்வி. யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் ஒல்லாந்தர் உடுப்போடு ஒருத்தர் நின்று என்னை "யார் நீ" என்று கேட்டால் நான் என்ன செய்வன் என்று யோசித்துப் பார்த்தேன். கையிலுள்ள குடையால் ஒன்று போடுவன் போலத்தான் இருக்கிறது. ஆனால் கியூபெக்கில் எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. அது என்னை அடித்தவன் உடுப்பு இல்லையே. வேறொருத்தனை அடித்தவன் உடுப்பு. அப்ப அந்த வேறொருத்தன் அங்கே நிற்கிறானா என்றுதான் பார்க்க வேண்டும்.

சிட்னிவாசி (ஆஸ்திரேலியா இல்லை):

கேள்விக்குறி, உறுத்தல் நியாயம். எனக்கும் முதல் தடவை இருந்தது. இப்போது அங்கே மிக்மா மக்களின் பங்கைச் சொல்ல அவர்களிலேயே சிலர் வேலை செய்கிறார்கள், பனங்காய் அண்ணன் கேட்டதற்கு அதுதான் பதில். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கு வருஷாவருஷம் பரிசுப்பொருள் கொடுத்துத்தான் நட்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கோட்டை ஒரு குளிர்காலம் தாங்கியிருக்காது என்று ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். கொஞ்சமும் பவ்யம் இல்லாமல் சொன்னார், அது எனக்குப் பிடித்தது.

மற்றபடி ஊர்வலம் ஊர்வலம்தான். அதில் பூசி மெழுகல் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். 1744-இல் அந்தத் துறைமுகம் முழுக்கக் காட் மீன் காயவைத்த நாற்றம் அடித்திருக்கும், ஊர் பிழைத்ததே அந்த மீனில்தான். இப்போது அந்த நாற்றத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. கிளைவ் திருவிழாவுக்கு நான் போக மாட்டேன். போனாலும், 1746-இல் அவர் மாறுவேஷத்தில் மெட்ராஸிலிருந்து கடலூர்ப் பக்கம் ஓடினாரே, அந்தக் காட்சியைப் போட்டால் மட்டும் முன்வரிசையில் உட்காருவேன்.

மிசிசாகா மீனு:

போய்விட்டு வந்து ரெண்டு வாரமாகிறது, எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

சிட்னிவாசி சொன்ன மெட்ராஸ் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்கு ஊரில் இருக்கும் பழைய ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில், "டேய், நம்மளை வெச்சு ஒரு ஊரை வாங்கியிருக்கானுங்கடா" என்று அரைமணி நேரம் பேசினார். அப்புறம் டிக்கெட்டைப் பற்றி வீட்டுக்காரரால் பேச முடியவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து எழுதிய நாட்குறிப்பில் இதெல்லாம் இருக்கிறது என்று அந்த நண்பர்தான் சொல்லியிருக்கிறார். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆளுநர் டுப்ளேக்கும் லா பூர்தொனேக்கும் நடந்த சண்டையை அப்பா எங்கள் வீட்டு மாமியார் மருமகள் கதை மாதிரிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஹாலிஃபாக்ஸில் இறங்கி காரில் ஐந்து மணி நேரம். நடுவில் நாங்கள் தங்கிய இடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஆகஸ்டில் ஹீட்டரா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஸ்வெட்டர் யோசனைக்குக் கோடி நன்றி.

விழாவன்று காலையில் மூடுபனி. வாசல் எதிரே நின்றும் மதில் தெரியவில்லை, டிரம் சத்தம் மட்டும் வந்தது. நெருங்கிப் போனால் திடீரென்று ஒரு சிப்பாய். சாம்பல் வெள்ளைக் கோட்டு, நீலக் கைமடிப்பு, மூக்கு நுனியில் நீர். துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில் அப்பாவிடம்தான் கேட்டான், யார், எங்கிருந்து வருகிறாய் என்று. நாங்கள் பதில் சொல்வதற்குள் அப்பா கணீரென்று "மெட்ராஸ்!" என்றார். எத்தனையோ வருஷமாகச் சென்னை என்று சொல்லிப் பழகியவர் அன்றைக்கு மெட்ராஸ் என்றார்.

அந்தப் பையனுக்கு இருபது வயசுதான் இருக்கும். ஒரு நொடி யோசித்தான். முகம் மாறாமல், "மெட்ராஸா? அது ஆங்கிலேயக் கம்பெனியின் ஊர். நீ எதிரி நாட்டவன். உள்ளே விட முடியாது" என்றான்! பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு வந்ததே பாருங்கள் ஒரு உற்சாகம். ஊன்றுகோலைத் தரையில் தட்டி, "ரெண்டு வருஷம் பொறு தம்பி, உங்க ஆள்தான் வந்து பிடிக்கப் போறான்" என்று தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஐயா, இது 1744. எனக்கு நாளைக்கு நடப்பதே தெரியாது" என்றான். கடைசியில் என் பையன்தான் நுழைந்து, "தாத்தா பாண்டிச்சேரிக்கும் போயிருக்கார்" என்றான். உடனே துப்பாக்கி விலகியது. அப்பா அன்று முழுக்க, "பாண்டிச்சேரிக்கு நான் எதுக்குப் போனேன்னு அவனுக்குத் தெரிஞ்சா விட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எதற்குப் போனார் என்று இந்தக் குழுவில் எழுத முடியாது.

ஊர்வலம் சுமார்தான். பனியில் பாதி தெரியவில்லை, பூசை நீளம், பையன் சொன்னபடியே 'போர்' சொன்னான். பீரங்கி மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது, கோழிகள் எல்லாம் ஒரே ஓட்டம். உணவகத்தில் ஒரு மணி நேர வரிசை. தயிர்சாதத்தை ஒரு வீட்டு முற்றத்தில், ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்திரைத் திருவிழா பேசிய வீட்டுக்காரர் துப்பாக்கி சுடுவதற்குத் தனியாகக் காசு கட்டிப் பதிவு செய்திருக்கிறார், எனக்குச் சொல்லவே இல்லை. சுட்டுவிட்டு வந்து தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

சமையலறை யோசனை அருமை. உள்ளே ஒரு அம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சிவப்புப் பூப்போட்ட பருத்திச் சட்டை. அப்பா கிட்டே போய்க் குனிந்து பார்த்து, "இது சீட்டித் துணி ஆச்சே" என்றார். பெயரைக் கேட்டேன், 'அந்தியென்' என்றார், அதாவது இந்தியத் துணி. பிரான்சில் பட்டு, கம்பளி நெசவாளர்கள் பிழைப்பு கெடுகிறது என்று 1686-லிருந்து 1759 வரை இதற்குத் தடையாம், ஆனாலும் விடாமல் உடுத்தியிருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் கப்பலேறிய துணிதானே அது. அதுவும் போதாதென்று, 1745-இல் ஊர் விழுந்த பிறகும் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக் கொடியை இறக்காமல் பறக்கவிட்டு, விவரம் தெரியாமல் இந்தியாவிலிருந்து சரக்கோடு வந்த ரெண்டு பிரெஞ்சுக் கப்பல்களை அப்படியே வளைத்துப் பிடித்தார்கள் என்று அவர் சொன்னார். துறைமுகக்காரர் சும்மா இருப்பாரா? எவ்வளவு டன், எந்தத் துறையில் நிறுத்தினார்கள், சரக்கை இறக்கியது யார், கூலி யார் கொடுத்தது என்று ஒரே கேள்வி. அந்த அம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "என் இருபது வருஷ வேலையில் இறக்கின கூலியைப் பற்றி யாரும் கேட்டதில்லை" என்றார்.

அடிமைகளைப் பற்றியும் கேட்டேன். அவர் நடிப்பை விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில் பதில் சொன்னார். மரி மார்கெரித் ரோஸ் பெயரைச் சொன்னதும் சாமான்கள் பட்டியலை ஒப்பித்தார். அவர் இறந்தபோது வீட்டில் இருந்த துணிமணி, பாத்திரம், இஸ்திரிப்பெட்டி என்று. அப்பா திண்ணை மாதிரி இருந்த பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா போனபோது நாங்கள் பீரோவைத் திறந்து எழுதிய பட்டியல் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும், கேட்கவில்லை.

சிப்பாய் ரொட்டி ரெண்டு வாங்கினோம். கலகக் கதையைச் சொன்னதற்கு அப்பா, "ரேஷன்ல கை வெச்சா எவன் சும்மா இருப்பான்?" என்று மட்டும் சொன்னார். ஒன்றை அங்கேயே இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுச் சாப்பிட்டோம். இன்னொன்றைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அது செங்கல் மாதிரி இருக்கிறது. அப்பா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

சிட்னிவாசி (ஆஸ்திரேலியா இல்லை):

உப்புமா. மெல்லிசாகச் சீவி உதிர்த்துக்கொண்டு தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். தாளிப்பில் இஞ்சியும் பச்சைமிளகாயும் கூடுதலாகப் போடுங்கள், அந்த ரொட்டிக்கு லேசான புளிப்பு உண்டு. பச்சைப் பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் அப்பா தூங்கும்போது போட்டுவிடுங்கள்.